ஊட்டிக்கு 61, குன்னூருக்கு 3

ஜனவரி 4, குன்னூர்

முப்பது வருஷம் தபால் பிரித்த கை இது. 643001 என்றால் ஊட்டிப் பை, 643101 என்றால் எங்கள் ஊர்ப் பை. அதற்கு மேல் யோசித்ததில்லை. இன்று பேத்தி நோட்டோடு வந்து, "தாத்தா, ஊட்டி பின்கோடு பகா எண்ணா?" என்று கேட்டாள்.

802-ஐ 802-ஆல் பெருக்கினால் 643204. அதனால் 801 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அப்படி 139 இருக்கின்றன. 59 வரை வந்தோம், 19 மீதி. கரண்ட் போய்விட்டது.

ஜனவரி 5

காலையில் எடுத்த முதல் எண்ணே 61. மீதியில்லாமல் போனது! ஈவு 10541. அதையும் விடாமல் 67, 71, 73, 79 என்று வந்தோம். 83-ல் உடைந்தது. 61 × 83 × 127. சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து அவள் பாட்டி எட்டிப் பார்த்தாள்.

ஜனவரி 6

குன்னூரின் இலக்கங்களைக் கூட்டினால் 15, ஆகவே 3 உடனே போகும். பிறகு 47. மிஞ்சிய 4561-ஐ 67 வரை வகுத்தும் அசையவில்லை, அது பகா எண். ஆக 3 × 47 × 4561.

இரண்டு ஊருக்கும் வெவ்வேறான மூன்று பகாக் காரணிகள். இப்படிப்பட்டவற்றை ஸ்பீனிக் எண்கள் என்கிறார்கள். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஆப்பு என்று பொருள். சீகை விறகைப் பிளக்க இரும்பு ஆப்பு அடிக்கிறோமே, அதே ஆப்பு. இவற்றில் மிகச் சிறியது 30. எவ்வளவு பெரிய ஸ்பீனிக் எண்ணானாலும் வகுக்கும் எண்கள் சரியாக எட்டுத்தான். எனக்கு இது பெரிய அழகாகத் தெரிகிறது.

ஜனவரி 8

நேற்று உறைபனி, விரல் விறைத்து எழுத முடியவில்லை.

வகுக்கும் எட்டு எண்களில் தன்னைத் தவிர்த்த மற்ற ஏழு எண்களையும் கூட்டினோம். ஊட்டிக்கு 23623, குன்னூருக்கு 232803. இரண்டுமே தன்னைவிடக் குறைவு, அதனால் இரண்டும் குறைவெண்கள். 28-ஐப் போல (1+2+4+7+14) நிறைவெண் இல்லை. ஆனால் ஒரே வகை என்று சொல்லி நிறுத்த மனசு வரவில்லை. ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம்! காரணம் அந்தச் சின்ன 3. அது இருப்பதால் எண்ணின் மூன்றில் ஒரு பங்கு, 214367, அப்படியே கூட்டலுக்குள் வந்துவிடுகிறது. ஊட்டியின் மிகச் சிறிய காரணி 61, அங்கே கிடைப்பது அறுபத்தொன்றில் ஒரு பங்கு.

இன்னொன்று. இரண்டையும் இரு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது. நான்கால் வகுத்தால் 3 மீதி தரும் பகாக் காரணி ஒற்றைப்படைத் தடவை வந்தால் அது நடக்காது. ஊட்டியில் 83-ம் 127-ம் தடுக்கின்றன, இங்கே 3-ம் 47-ம்.

ஜனவரி 9

கோத்தகிரி, 643217. ஏழால் வகுத்தால் 1 மீதி. 59-க்கும் 79-க்கும் ஒன்றே ஒன்று குறைகிறது. பேத்தி இரண்டு தடவையும் "ச்சே" என்றாள். 101 வரை வந்தாயிற்று, எதுவும் போகவில்லை. நாளை 103.