கோல் கணக்கில் வராதவை

1999 மே 26 அன்று இரவு விளையாட்டுப் பக்கத்தின் பொறுப்பு என்னிடம் இருந்தது. பார்சிலோனாவின் கேம்ப் நவ் மைதானத்தில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் நம் நேரப்படி நள்ளிரவுக்குப் பிறகுதான் தொடங்கும் என்பதால், வெளியூர்ப் பதிப்புகள் அந்த ஆட்டம் இல்லாமலேயே அச்சுக்குப் போய்விட்டன. நகரப் பதிப்பை மட்டும் இரண்டு மணி வரை நிறுத்திவைக்க அனுமதி வாங்கியிருந்தேன். ஆறாவது நிமிடத்தில் மரியோ பாஸ்லர் அடித்த ஃப்ரீ கிக்கில் பேயர்ன் மூனிக் முன்னிலை பெற்றது. தொண்ணூறு நிமிடம் முடியும்வரை அதே நிலை. ‘பேயர்ன் மூனிக் சாம்பியன்’ என்று தலைப்புப் போட்டு, பிழை திருத்தி, பிரின்ட் எடுத்த பக்கம் மேசைக்கு வந்தபோதுதான் நடுவர் சேர்த்துக் கொடுத்த கடைசி நிமிடங்களில் மான்செஸ்டர் யுனைடெட் இரண்டு கோல்களை அடித்தது. முதலாவது ஷெரிங்காம், இரண்டாவது சோல்ஷயர். அச்சகத்திலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளை எடுக்காமல், இருபது நிமிடத்தில் பக்கத்தை மாற்றி எழுதினோம். அந்த அவசரத்தில், ‘சீசன் முழுவதும் கோல் மழை பொழிந்த டுவைட் யார்க் இறுதி ஆட்டத்தில் சோபிக்கவில்லை’ என்று யுனைடெட்டின் முன்கள வீரரைப் பற்றி நான் சேர்த்த ஒரு வாக்கியமும் அச்சேறிவிட்டது.

சில நாள் கழித்து மறு ஒளிபரப்பைப் பார்த்தபோது அந்த வாக்கியம் உறுத்தத் தொடங்கியது. பெக்காம் அடித்த கார்னர் கிக், கோலை விட்டு முன்னேறி வந்திருந்த யுனைடெட் கோல்கீப்பர் ஷ்மைக்கேலின் தலைக்கு மேலே போய்விடுகிறது. மறுமுனையில் நின்ற யார்க் அதைத் திரும்பவும் கூட்டத்துக்குள் அனுப்புகிறார். பேயர்னின் ஃபிங்க் சரியாக வெளியேற்றத் தவறுகிறார், கிக்ஸ் உதைக்கிறார், ஷெரிங்காம் திசைதிருப்பி வலைக்குள் தள்ளுகிறார். யார்க் தொட்டது ஒரே ஒரு முறை. ஆனால் அது இல்லையென்றால் அந்தப் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் போயிருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எனக்குக் கிடைத்த ஏஜென்சி செய்தியில் அந்தத் தொடுகை இல்லை, என் செய்தியிலும் இல்லை. எந்த வாசகரும் கடிதம் எழுதிச் சுட்டிக்காட்டவும் இல்லை.

டிரினிடாட் என்றால் நம் வாசகர்களுக்குக் கிரிக்கெட் வீரர் லாரா. அவருடைய நெருங்கிய நண்பரான யார்க் பக்கத்துத் தீவான டொபாகோவில் 1971இல் பிறந்தவர்; இரண்டு தீவுகளும் சேர்ந்து ஒரே நாடு, ஒரே அணி. 1989இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அணியுடன் வந்த ஆஸ்டன் வில்லா மேலாளர் கிரகாம் டெய்லரின் கண்ணில் பட்டபோது அவருக்கு வயது பதினேழு. அதே ஆண்டு நவம்பர் 19 அன்று, அமெரிக்காவுடன் டிரா செய்தாலே 1990 உலகக் கோப்பைக்குப் போய்விடலாம் என்ற நிலையில், போர்ட் ஆஃப் ஸ்பெயின் மைதானமே சிவப்பு உடையில் திரண்டிருக்க, பால் கலிஜியூரி தூரத்திலிருந்து அடித்த ஒரே கோலில் டிரினிடாட் தோற்றது. அந்த அணியின் மிக இளையவர் யார்க். தோல்விக்குப் பிறகும் கண்ணியம் காத்த ரசிகர்களுக்கு ஃபிஃபா ஃபேர் பிளே விருது வழங்கியது. ஆனாலும், ஒரே ஒரு டிராவுக்குத் தவறிய கணக்கு அவரோடு கூடவே வந்தது.

வில்லாவில் ஒன்பது ஆண்டுகளைக் கழித்த அவரை 1998இல் 1 கோடியே 26 லட்சம் பவுண்டுக்கு யுனைடெட் வாங்கியது. முதல் சீசனிலேயே லீக்கில் 18 கோல்கள் அடித்து, அதிக கோல் அடித்தவர்களில் ஒருவரானார். ஆன்டி கோலுடன் அவர் சேர்ந்து ஆடிய அந்த ஆண்டு தமிழ் டெஸ்க்குக்குத் தனித் தொல்லை. ‘கோல் அடித்த கோல்’ என்று எழுதினால் வாசகர் சிரிப்பார்; ஆகவே எத்தனை முறை வந்தாலும் முழுப்பெயரையே எழுதுவது என்று எங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். 1998 நவம்பரில் பார்சிலோனாவுக்கு எதிராக 3-3 என்று முடிந்த ஆட்டத்தில் ஆன்டி கோல் அடித்த கோலை இதற்காகவே நான் மறக்கவில்லை. யார்க்கை நோக்கி வந்த பந்தை அவர் தொடாமல் கால்களுக்கிடையே விட்டுவிட, பின்னால் நின்ற ஆன்டி கோல் எடுத்து அவருக்கே கொடுத்து, திரும்பப் பெற்று உள்ளே அடித்தார். தொடாமல் விட்டதுதான் அந்தக் கோலின் சிறப்பு என்பதை நான்கு வரிச் செய்தியில் எப்படிச் சொல்வது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

வேகம் குறைந்தபின் பெரும்பாலான முன்கள வீரர்கள் கோலுக்கு அருகிலேயே நின்று காலத்தை ஓட்டுவார்கள். யார்க் பின்னால் நகர்ந்தார். 2005இல் சிட்னி எஃப்சிக்குப் போய் பயிற்சியாளர் லிட்பார்ஸ்கியின் கீழ் நடுகளத்தில் ஆடினார். 2006 மார்ச்சில் அந்த அணி வென்ற இறுதி ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் கோரிகா, பந்தை எடுத்துக் கொடுத்தவர் யார்க். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2005 நவம்பர் 16 அன்று பஹ்ரைனில், டென்னிஸ் லாரன்ஸ் தலையால் முட்டி டிரினிடாடை முதன்முறையாக உலகக் கோப்பைக்கு அனுப்பிய பந்தும் யார்க் அடித்த கார்னர் கிக்தான். 2006இல் அந்த உலகக் கோப்பை நடந்த ஜெர்மனியில் அணித் தலைவராக, முப்பத்து நான்கு வயதில், தடுப்பாட்டக்காரர்களுக்குச் சற்று முன்னால் நின்று ஆடினார். டார்ட்மண்டில் ஏவரி ஜான் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியபின் பாதி ஆட்டத்தைப் பத்துப் பேருடன் தாக்குப்பிடித்து, சுவீடனுடன் 0-0 என டிரா செய்தபோது, சுமார் 13 லட்சம் மக்கள்தொகை கொண்ட அந்த நாடு அதை வெற்றியாகவே கொண்டாடியது. அவருடைய பயிற்சியாளர் வாழ்க்கை அந்த மாலையில் தொடங்கியதாகத்தான் நான் கருதுகிறேன், சான்றிதழ் எல்லாம் பிறகு வந்தவை.

ஆனால் வேலை அவ்வளவு எளிதில் வரவில்லை. 2009இல் ஆட்டத்தை விட்டபின், தேசிய அணியில் தன் நண்பர் ரஸல் லாட்டபியின் உதவியாளராக இருந்தார். அதன்பின் நீண்ட காத்திருப்பு. கறுப்பினப் பயிற்சியாளர்களுக்கு இங்கிலாந்தில் நேர்காணல் வாய்ப்புகூடக் கிடைப்பதில்லை என்று அவர் வெளிப்படையாகக் குறைபட்டுக்கொண்டதை நானே மொழிபெயர்த்துப் போட்டிருக்கிறேன். முதல் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு 2022இல், ஐம்பது வயதில், ஆஸ்திரேலியாவின் மெக்கார்தர் அணியில் கிடைத்தது. அக்டோபரில் ஆஸ்திரேலியக் கோப்பையை வென்றார், ஜனவரியில் வெளியேறினார். இவ்வளவு வேகமாகக் கோப்பையும் வேலையிழப்பும் அடுத்தடுத்து வருவது வேறு எந்தத் தொழிலில் நடக்கும் என்று தெரியவில்லை.

இதற்கிடையே என் வேலையும் மாறியிருந்தது. பெயர் போட்டுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவன், பிறர் எழுதுவதைத் திருத்தும் நாற்காலிக்கு வந்தேன். முதல் ஓராண்டு நான் செய்தது பெரிய தவறு: இளைஞர்கள் கொடுத்ததைத் திருத்தாமல், முழுவதுமாக என் நடையில் மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பக்கம் நன்றாக வந்தது; எழுதியவர்கள் மறுநாள் தங்கள் பெயரின் கீழ் இருப்பதைப் படிக்கவே இல்லை. ஒரு பெண் நிருபர் மட்டும், “சார், இதுல என் வாக்கியம் எது?” என்று கேட்டார். பந்தைத் தொடாமல் விடுவதும் வேலைதான் என்று அதன்பிறகே மெல்லக் கற்றுக்கொண்டேன்.

2024 நவம்பரில் யார்க் தன் நாட்டு அணியின் பயிற்சியாளரானார். 2026 உலகக் கோப்பைக்கான கடைசித் தகுதிச் சுற்றில் ஜமைக்கா, குராசோ, பெர்முடா ஆகியவற்றுடன் ஆறு ஆட்டங்கள்: ஒரு வெற்றி, ஒரு தோல்வி, நான்கு டிரா. 1989இல் ஒரே ஒரு டிரா போதுமாயிருந்தது, 2006இல் ஒரு டிரா திருவிழாவானது. இம்முறை நான்கு சேர்ந்தும் மூன்றாமிடம்தான். சுமார் ஒன்றரை லட்சம் மக்கள் மட்டுமே வாழும் குராசோ, கிங்ஸ்டனில் ஜமைக்காவை 0-0 எனத் தடுத்து, உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற மிகச் சிறிய நாடானது.

2025 நவம்பர் 19 மாலை அந்தச் செய்தியை எழுதிய பயிற்சி உதவி ஆசிரியருக்கு இருபத்து மூன்று வயது. கடைசி வரியில், ‘டுவைட் யார்க் பயிற்சியளித்த டிரினிடாட் மூன்றாமிடம் பெற்றது’ என்று எழுதியிருந்தார். இடம் இரண்டு வரி குறைந்தது, கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டவர், “யார்க் யார் சார்?” என்றும் கேட்டார். பழைய கதையைச் சொல்ல நேரமில்லை. நடுவில் இருந்த விளம்பரத்தை வடிவமைப்பாளரிடம் சற்றே சுருக்கச் சொல்லி, அந்த வரியை அவர் எழுதியபடியே விட்டுப் பக்கத்தை அனுப்பினேன்.