லாக் புக் யாருக்கு?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை வேலையை மேம்படுத்துவதாகச் சொல்லும் ஏதாவது ஒரு புதிய முறையின் பெயர் கேட்டைத் தாண்டி உள்ளே வரும். ஐஎஸ்ஓ 9000, ஃபைவ் எஸ், கைசன், டிபிஎம், ஈஆர்பி, சிக்ஸ் சிக்மா, லீன், இண்டஸ்ட்ரி 4.0, இப்போது ஏஐ. கூடவே ஒரு பேனர், ஒரு உறுதிமொழி, ஒரு கன்சல்டண்ட், பயிற்சி நாட்களில் மதியம் பிரியாணி. பிரியாணியில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

நான் தொண்ணூறுகளின் கடைசியில் தரக்கட்டுப்பாட்டில் சேர்ந்தவன். அப்புறம் உற்பத்திக்கு மாறினேன். இப்போது சின்ன மெஷின் ஷாப்களுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறேன். இந்தப் பெயர்களை எல்லாம் வெறும் பேஷன் என்று கேலி செய்பவர்கள் எங்கள் தொழிலில் நிறைய பேர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவற்றில் சில ஷாப்பில் ஊன்றி நின்றன, சில பேனரோடு போய்விட்டன. எது நிற்கும், எது போகும் என்பதற்கு எனக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இவை ஏன் வந்தன என்பதற்குக் காரணம் இருந்தது. ஃபோர்டு மறைமலைநகருக்கு வந்தது. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதுவரை உள்ளூர் லாரி, டிராக்டர் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்த யூனிட்களின் கதவைத் தட்டி, “க்யூஎஸ் 9000 இருக்கிறதா?” என்று கேட்டார்கள். அமெரிக்காவின் மூன்று பெரிய கார் கம்பெனிகள் தங்கள் சப்ளையர்களுக்காக 1994-ல் சேர்ந்து உருவாக்கிய தர விதிகள் அவை. பின்னால் டிஎஸ் 16949 ஆகி, 2016-ல் ஐஏடிஎஃப் 16949 ஆனது அதன் வாரிசுதான். சான்றிதழ் இல்லையென்றால் ஆர்டர் இல்லை. அதே 1998-ல், பக்கத்துப் பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவிலேயே அதுதான் முதல். எங்கள் பகுதியில் அது கிரிக்கெட் கோப்பை வாங்கிய மாதிரிப் பேசப்பட்டது. “அவர்களால் முடியும் என்றால் நம்மால் ஏன் முடியாது?” என்று ஒவ்வொரு முதலாளியும் கேட்க ஆரம்பித்தார். கேள்வி சரியானதுதான்.

ஆனால் பெரும்பாலான இடங்களில் முதலில் வந்தவை தாள்கள். ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு கிளிப் போர்டு. மணிக்கு எத்தனை பீஸ் என்று ஒரு தாள். மணிக்கு ஒருமுறை அளவு எடுத்து எழுத ஒரு தாள். காலையில் ஆயில் லெவல், கூலண்ட் லெவல், சக் பிரஷர் டிக் போட ஒரு தாள்.

ஷிஃப்ட் முடிந்து அந்தத் தாள்களைச் சேகரிப்பவனுக்கு ஒரு ரகசியம் தெரியும். எட்டு மணி நேரத்துக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். 42, 42, 41, 42. விட்டம் 25.00 இருக்க வேண்டிய இடத்தில் 24.99, 25.00, 25.01, திரும்ப 25.00. வரைபடம் போட்டால் கோலம் மாதிரி அழகாக வரும். ஒரு கம்பெனியில் கஸ்டமர் ஆடிட்டர் வந்து மூன்று தாள்களைப் புரட்டினார். ஒன்றில் மட்டும் விரலை வைத்தார். அந்த மணி நேரத்தில் கரண்டே இல்லை. ஜெனரேட்டர் பதிவேடு அப்படித்தான் சொன்னது. கரண்ட் இல்லாத மெஷினில் நான்கு அளவுகள் துல்லியமாக எழுதப்பட்டிருந்தன.

வழக்கமாக இதற்கு வரும் விளக்கம், “நம்ம ஆளுங்களுக்கு டிசிப்ளின் கிடையாது.” ஏசி அறைகளில் இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது உண்மையில்லை என்று எனக்குக் காட்டியது மெஷினை வேலைக்குத் தயார் செய்து கொடுக்கும் ஒரு செட்டர் அண்ணனின் பாக்கெட் டைரி.

அவர் சட்டைப் பையில் எல்ஐசி கொடுத்த ஒரு சின்ன டைரி இருக்கும். கம்பெனி தாளில் 42, 42 என்று எழுதும் அதே கைதான் அதிலும் எழுதியிருந்தது. எந்த பிராண்ட் இன்சர்ட் (உலோகத்தை வெட்டும் முனை) எத்தனை பீஸ் தாங்கியது, எந்த ஃபவுண்டரி காஸ்டிங் (வார்ப்பு) கடினமாக இருந்து முனையை உடைத்தது, அந்த ஹீட் நம்பர் (உலோகம் உருக்கிய தொகுதியின் எண்) என்ன, காலையில் மெஷின் குளிர்ந்திருக்கும்போது முதல் பீஸுக்கு எத்தனை மைக்ரான் ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) கொடுக்க வேண்டும், மெஷின் சூடேறிய பிறகு அதில் எவ்வளவைத் திரும்ப எடுக்க வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. தேதி போட்டு, அடித்துத் திருத்தி, பக்கத்தில் கேள்விக்குறி வைத்து. ஒரு ஆராய்ச்சி மாணவன் வைத்திருக்க வேண்டிய குறிப்பு அது. யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. ராத்திரி ஷிஃப்டில் இன்சர்ட் உடைந்து வேலை நின்றால் திட்டு வாங்கப்போவது அவர். அதனால் எழுதினார்.

என் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. எழுதுகிறவனுக்கே திரும்பிப் பயன்படும் பதிவு உண்மையாக இருக்கும். மேலே இருப்பவர் பார்ப்பதற்காக எழுதுவது, அவருக்குப் பிடித்த மாதிரி இருக்கும். இந்த இரண்டில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் போதும், ஒரு புதிய முறையின் ஆயுளைச் சொல்லிவிடலாம்.

வேலையிடத்தை ஒழுங்காக வைக்கச் சொல்லும் ஃபைவ் எஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கீ, கேஜ், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் நிழல் உருவம் வரைந்த பலகை வைத்த இடங்களில் அது இருபது வருடமாக நிற்கிறது. காரணம், செட்டிங் மாற்றும்போது ஸ்பேனர் தேடி அலையும் வேலை ஆபரேட்டருக்கு மிச்சம். தரையில் மஞ்சள் கோடு போட்டு, வாரா வாரம் மார்க் போட்டு, ஷீல்டு கொடுத்த இடங்களில் அது ஆடிட்டுக்கு முந்தின நாள் சாயந்திரம் மட்டும் உயிரோடு இருந்தது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்.

ஓஇஇ கதை இன்னும் சுவாரசியமானது. மெஷின் ஓட வேண்டிய நேரத்தில் எவ்வளவு ஓடியது, ஓடிய வேகம் எவ்வளவு, வந்ததில் நல்ல பீஸ் எவ்வளவு என்ற மூன்று விகிதங்களைப் பெருக்கினால் வரும் எண். டிபிஎம் என்ற மெஷின் பராமரிப்பு முறையை வகுத்த நகாஜிமா சொன்ன இலக்கு 90, 95, 99. பெருக்கினால் சுமார் 85 சதவீதம். இதைத்தான் ‘உலகத் தரம்’ என்று சுவரில் எழுதி வைப்பார்கள். மூன்றுமே 90 என்றால்கூட 73-க்குக் கீழேதான் நிற்கும். பெருக்கல் அப்படி இரக்கமில்லாதது. நேர்மையாக முதல்முறை அளந்தபோது பாதிக்குப் பக்கத்தில் நின்ற ஷாப்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எங்கே நேரம் போகிறது என்று தெரிந்துகொள்ளத்தானே அளக்கிறோம்?

ஆனால் அந்த எண் மேனேஜரின் அப்ரைசலில் ஏறியதும் நிலைமை மாறியது. 2012 வாக்கில் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது நினைவிருக்கும். சென்னையில் தினமும் 2 மணி நேரம், மற்ற மாவட்டங்களில் அதைவிடப் பல மடங்கு. மின்வெட்டு நம் கையில் இல்லை, அதனால் அந்த நேரத்தை ஓஇஇ கணக்கிலிருந்து கழித்துவிடலாம் என்று ஒரு கம்பெனியில் முடிவெடுத்தார்கள். நியாயமான முடிவுதான். அடுத்த சில மாதங்களில் மின்வெட்டு நேரம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. இன்சர்ட் உடைந்தால் மின்வெட்டு, காஸ்டிங் வரவில்லையென்றால் மின்வெட்டு, ஆள் வரவில்லையென்றாலும் மின்வெட்டு. ஒரு ஷிஃப்டில் மின்வாரியம் வெட்டியதைவிட எங்கள் ஷாப் அதிகமாக வெட்டிக்கொண்டது. ஓஇஇ 80-ஐத் தாண்டியது, கேக் வெட்டினோம். டிஸ்பாட்ச், அதாவது வெளியே அனுப்பிய சரக்கு, அதே அளவில்தான் இருந்தது. அதை ஒப்பிட்டுப் பார்க்கும் உற்சாகம் யாருக்கும் இல்லை.

யார் பெயரில் அந்த ஜப்பான் பரிசு இருக்கிறதோ அந்த அமெரிக்கத் தர நிபுணர் டெமிங்கே இதை எச்சரித்திருந்தார். அவருடைய 14 அம்சங்களில் ஒன்று பயத்தை விரட்டச் சொல்கிறது. இன்னொன்று, ஷாப்பில் எண்ணிக்கை இலக்குகளை எடுத்துவிடச் சொல்கிறது. அதே 14 அம்சங்களை ஃபிரேம் போட்டு மாட்டிய சுவரிலேயே ‘இன்றைய இலக்கு’ பலகையும் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு பல வருடம் சமாதானமாக இருந்தன.

கம்பெனியின் எல்லாப் பிரிவுகளையும் ஒரே மென்பொருளில் இணைக்கும் ஈஆர்பி பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கணக்குப் பிரிவுக்கும் கொள்முதலுக்கும் அது வரப்பிரசாதம். ஜிஎஸ்டி வந்த பிறகு அது இல்லாமல் பில் போடுவது சிரமம் என்ற நிலை. ஷாப்பில் மட்டும் அது ஒட்டவில்லை. செட்டர் அதில் பிரச்சினையைப் பதிவு செய்தால் பதில் வராது. அதே பிரச்சினையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால், மெயின்டனன்ஸ் ஆள் பத்து நிமிடத்தில் வந்து நிற்பான். பல லட்சம் ரூபாய் மென்பொருளை இலவசச் செயலி தோற்கடித்ததில் எனக்கு எந்த ஆச்சரியமும் இல்லை.

சரி, இப்போதைய விஷயத்துக்கு வருவோம். 2011-ல் ஜெர்மனியின் ஹனோவர் கண்காட்சியில் பிறந்த இண்டஸ்ட்ரி 4.0 என்ற பெயர், சில வருடம் தாமதமாக எங்கள் ஊருக்கு சென்சார் பெட்டியாக வந்தது. மெஷினில் ஒரு பெட்டியைப் பொருத்தினால், எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று தானே பதிவாகும். “இனி ஆள் பொய் எழுத முடியாது சார்” என்றுதான் விற்பனையாளர்கள் பேச்சையே ஆரம்பிப்பார்கள். முதலாளிகளுக்கு இது தேன்.

மெஷின் நின்றது என்று பெட்டிக்குத் தெரியும். ஏன் நின்றது என்று அதற்குத் தெரியாது. அதற்கு ஒரு டேப்லெட், அதில் காரணங்களின் பட்டியல், ஆபரேட்டர் ஒன்றைத் தொட வேண்டும். டூல் மாற்றம், மெட்டீரியல் இல்லை, ஆள் இல்லை, பழுது என்று வரிசையாக இருக்கும். கடைசியில் ‘அதர்ஸ்’. மாதக் கடைசியில் காரணங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கிப் படம் போட்டால், முதலிடத்தில் நிற்பது அந்த ‘அதர்ஸ்’தான். ஒரு யூனிட்டில் மட்டும் இல்லை, நான் போன இடங்களில் பெரும்பாலும் அப்படித்தான். பட்டியல் ஆங்கிலத்தில். தொடுகிற பையன் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த ஒப்பந்தத் தொழிலாளி. எந்தக் கட்டத்தைத் தொட்டால் யாருக்குத் திட்டு விழும் என்பதை மட்டும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிறான். ‘அதர்ஸ்’ தொட்டால் யாருக்கும் திட்டு இல்லை. பழைய மின்வெட்டுக்குக் கிடைத்த புதுப்பெயர்.

ஏஐயும் இதே பாதையில்தான் முதல் அடி வைத்திருக்கிறது. கஸ்டமரிடம் ரிஜெக்ஷன் ஆனால் 8டி என்று ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும். ஃபோர்டு 1980-களில் வகுத்த முறை. ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்டு வேர்க் காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். எங்கள் பக்கம் ஐந்தாவது ஏனுக்குப் பதில் நெடுங்காலமாக ஒன்றுதான்: ஆபரேட்டரின் கவனக்குறைவு, பயிற்சி அளிக்கப்பட்டது. இப்போது இளம் என்ஜினியர்கள் அதைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துவிடுகிறார்கள். அட்டகாசமான ஆங்கிலத்தில், காரணங்களைக் கிளை கிளையாகக் காட்டும் மீன் முள் படத்தோடு, நாலு பக்கம் வருகிறது. கடைசி வரி அதே கவனக்குறைவு, அதே பயிற்சி. செட்டர் அண்ணனின் பாக்கெட் டைரியில் அந்த ஃபவுண்டரியின் ஹீட் நம்பர் இருந்தது சாட்ஜிபிடிக்கு எப்படித் தெரியும்? அது எந்தக் கணினியிலும் ஏறவில்லையே.

ஏஐயை நான் குறை சொல்லவில்லை. ஸ்பிண்டில் லோடு (மெஷினின் சுழலும் தண்டில் ஏறும் பளு) மாறுவதைப் பார்த்து, இன்சர்ட் தேய்ந்துவிட்டது என்று முன்கூட்டியே சொல்வது போன்ற வேலைகளை அது நன்றாகவே செய்யும். யாரிடம் சொல்கிறது என்பதுதான் என் கேள்வி.

கடந்த ஆண்டு ஒரு சின்ன யூனிட்டில் இதை முயன்று பார்க்க வாய்ப்பு கிடைத்தது. முதலாளியின் மகன் படித்துவிட்டு வந்து பொறுப்பேற்றிருக்கிறார். ஏற்கெனவே சென்சார் பெட்டிகள் வாங்கிப் போட்டாயிற்று. அவர் செல்போனில் எல்லா மெஷினும் பச்சையும் சிவப்புமாகத் தெரிகிறது. ஆபரேட்டருக்கு என்ன தெரிகிறது என்று கேட்டேன். “அவங்களுக்கு எதுக்கு சார்?” என்றார். பிடிவாதமாகப் பேசி மெஷின் பக்கத்து டேப்லெட்டை மாற்ற வைத்தேன். காரணப் பட்டியலை ஹிந்தியிலும் தமிழிலும் படங்களோடு சுருக்கினோம். அதற்கு மேலே பெரிய எழுத்தில், இந்த இன்சர்ட்டில் இன்னும் எத்தனை பீஸ் போகும் என்ற எண். காஸ்டிங் லாட் மாறும்போது, இதே லாட்டில் முந்தைய ஷிஃப்ட் எங்கே தடுமாறியது என்ற ஒரு வரிக் குறிப்பு. மெட்டீரியல் இல்லை என்று தொட்டால் ஸ்டோர்ஸில் மணி அடிக்கும்.

‘அதர்ஸ்’ ஒரேயடியாக மறையவில்லை, ஆனால் முதலிடத்திலிருந்து இறங்கிவிட்டது. பையன்கள் டேப்லெட்டை ஷிஃப்ட் ஆரம்பத்தில் தாங்களாகவே பார்க்கிறார்கள். போன மாதம் போனபோது, ஒரு ஃபவுண்டரியின் காஸ்டிங் மட்டும் தொடர்ந்து இன்சர்ட்டைத் தின்கிறது என்பது பதிவிலேயே தெரிந்தது. அந்த ஃபவுண்டரியை உட்கார வைத்துப் பேச முடிந்தது.

இப்போது அந்தத் தம்பிக்கு ஒரு யோசனை. தரவு இவ்வளவு சுத்தமாக வருகிறதே, இதை வைத்தே ஒவ்வொரு ஆபரேட்டரின் மாத இன்சென்டிவைக் கணக்கிட்டால் என்ன? சாஃப்ட்வேர்காரர் ஒரு வாரத்தில் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இன்சென்டிவ் வேண்டுமென்றால் மொத்த லைனுக்கும் டிஸ்பாட்ச் கணக்கை வைத்துக் கொடுக்கட்டும், டேப்லெட்டைத் தொட வேண்டாம் என்று. அவர் தலையாட்டினார். ஆனால் சாஃப்ட்வேர்காரரின் கொட்டேஷன் இன்னும் அவர் மேஜையில்தான் இருக்கிறது.