எதிராளியின் காரில் பின்னிருக்கை

போட்டி நிறுவனத்தின் காரை ஓட்டிப் பார்ப்பதை ஏதோ ஒற்றர் வேலை போல வெளியில் கற்பனை செய்கிறார்கள். கார்த் தொழிலில் அது அன்றாட அலுவல். ஷோரூமில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய காரை நாங்களும் பணம் கொடுத்து வாங்குகிறோம், மாதக்கணக்கில் ஓட்டுகிறோம், கடைசியில் திருகு திருகாகக் கழற்றி ஒவ்வொரு பாகத்தையும் எடை போடுகிறோம். எங்கள் காரை அவர்களும் அப்படித்தான் பிரித்துப் போட்டிருப்பார்கள்.

இதில் எல்லோரும் சொல்லும் முன்னுதாரணம் டொயோட்டா. 1983-இல் தொடங்கிய அதன் சொகுசு கார்த் திட்டம் 1989-இல் லெக்சஸ் எல்எஸ் 400 ஆக வெளிவந்தது. தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுசுகி அளவுகோலாக வைத்தவை மெர்சிடஸ் 420 எஸ்இஎல், பிஎம்டபிள்யூ 735ஐ. அவற்றைவிட வேகமாகவும் அமைதியாகவும் ஓட வேண்டும், எரிபொருளும் குறைவாகச் செலவாக வேண்டும் என்றார். இரைச்சலைப் பஞ்சு அடைத்து மறைக்காமல், அது பிறக்கும் இடத்திலேயே தீர்க்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதைப் பாடமாகப் படித்திருந்தேன், வேலையில்தான் விளங்கியது.

சென்னைக்கு அருகே ஓர் ஆய்வு மையத்தில், இரைச்சலும் அதிர்வும் பார்க்கும் பிரிவில் இருந்தேன். எங்கள் கையில் கிடைத்தது ஒரு ஜெர்மன் சொகுசு செடான். போக்குவரத்து குறைந்த விடியற்காலையில் செங்கல்பட்டு தாண்டி நெடுஞ்சாலையில் ஓட்டுவோம். காது மட்டத்தில் மைக், இருக்கைத் தண்டவாளத்தில் அதிர்வுமானி. நூறு கிலோமீட்டர் வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினால் எஞ்சின் சத்தம் அடங்கிவிடும். மிச்சம் கேட்பது காற்றும் டயரும்.

ஓட்டுவதற்குத்தான் எல்லோருக்கும் போட்டி. எங்கள் மூத்த பொறியாளர் ஒரு நாள் சலித்துக்கொண்டார்: “ஏம்ப்பா, ஸ்டீயரிங்குக்கே அடித்துக்கொள்கிறீர்களே, இதை வாங்குகிறவர் எங்கே உட்காருவார்?”

நம் ஊரில் அந்த விலைக்குக் கார் வாங்குபவர் பெரும்பாலும் டிரைவர் வைத்திருப்பார். பின்னால் இடது பக்கம் உட்கார்ந்ததும் அது வேறு காராகிவிட்டது. நெடுஞ்சாலை வேகத்தில் அப்பழுக்கில்லை. ஆனால் பாலத்தின் ஒவ்வோர் இணைப்பிலும், காற்றிறங்கினாலும் ஓடும் அந்த ரன்-ஃபிளாட் டயரின் விறைப்பான பக்கச்சுவர் முதுகில் குத்தியது. சர்வீஸ் சாலையின் வேகத்தடையில் அடிப்பாகம் உரசியது. செங்குத்து அதிர்வில் மனித உடல் மிகவும் உணர்வது வினாடிக்கு நான்கிலிருந்து எட்டு அதிர்வுகள். சிதைந்த தார்ச்சாலையில் பின்னிருக்கை அதிர்வின் வரைபடம் மேடு கட்டியதும் அங்கேதான். ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலையான ஆட்டோபானுக்கு அந்த சஸ்பென்ஷன் சரி. அதை நகலெடுக்க வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தோம்.

நிர்வாகத்துக்கு டெசிபெல் இலக்கை எட்டினால் போதும், அவ்வளவே. (மூன்று டெசிபெல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகிவிடும், காதுக்கோ கொஞ்சம்தான் வித்தியாசம் தெரியும். இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லியாக வேண்டும்.) எதிராளியைப் பார்த்து இரட்டை அடுக்குக் கண்ணாடியும் தடித்த கதவு ரப்பரும் எங்கள் மாதிரிக் காரில் போட்டோம். காற்றிரைச்சல் விழுந்தது. உடனே பின்னிருக்கைக்குக் கீழிருந்து ஒரு ரீங்காரம் எழுந்தது. எரிபொருள் பம்ப். அது எப்போதும் பாடிக்கொண்டுதான் இருந்தது, காற்று அதை மூடி வைத்திருந்தது. கல்யாண வீட்டில் மேளம் நின்றதும் சமையற்கட்டுச் சண்டை கேட்பது போல.

விடை ஏற்கெனவே எங்கள் மேசையில் கிடந்தது. பிரித்த ஜெர்மன் காரின் பம்ப், தொட்டியை நேராகத் தொடாமல், மென்மையான ரப்பர் தாங்கியில் தொங்கியது. சுசுகி சொன்ன பிறப்பிடம் இதுதான். அவர்கள் கண்ணாடியால் கிடைத்த அமைதியைக் காப்பாற்ற இப்படி எத்தனை சின்ன இடங்களை அடைத்திருக்கிறார்கள் என்று அதற்குப் பிறகுதான் பாகம் பாகமாகத் தேடினோம்.

எங்கள் பம்புக்கும் அப்படியொரு தாங்கி வரைந்தோம். கண்ணாடிக்கு ஒரே கூட்டத்தில் ஒப்புதல் தந்த கணக்குப் பிரிவு, அதன் செலவில் சிறு பங்குகூட ஆகாத இந்த ரப்பருக்கு மாதக்கணக்கில் விளக்கம் கேட்டது. கண்ணாடியை விளம்பரத்தில் காட்டலாமாம்.