டெமோ நைட்டைப் பின்னேரம் மூன்று மணிக்கு வைத்தோம்

செய்துகொண்டிருக்கும் மென்பொருளையோ கருவியையோ ஆட்களுக்கு முன்னால் இயக்கிக் காட்டும் டெமோ நைட் ஒன்றை யாழ்ப்பாணத்தில் நடத்துவோம் என்று நாங்கள் நாலைந்து பேர் பேசத் தொடங்கியதும், முதலில் அடிபட்டுப் போனது அந்த 'நைட்'தான். யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர்கள் கிளிநொச்சி அறிவியல்நகரிலிருந்து வரவேண்டும். ஏ9 வீதியால் 60 கிலோமீற்றருக்கு மேல். பொழுதுபட்டால் பஸ் குறைந்துவிடும், பெண்பிள்ளைகளை அனுப்ப வீட்டிலும் யோசிப்பார்கள். அதனால் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி என்று வைத்தோம். பெயரை மட்டும் மாற்றவில்லை, போஸ்டர் அடித்தாகிவிட்டது.

நாள் பார்த்தது கலியாணத்துக்கு நாள் பார்த்த மாதிரித்தான். நல்லூர்த் திருவிழா 25 நாளும் எதுவும் வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. தகரக் கூரையில் மழை விழுந்தால் மைக் இருந்தும் பயனில்லை. முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காது. பரீட்சைக் காலத்தில் மாணவர்கள் கிடைக்கமாட்டார்கள். கடைசியில் தை பிறந்த பிறகு ஒரு சனிக்கிழமை அமைந்தது. இடம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு ரியூசன் கொட்டகை. கலியாண மண்டபத்தில் ஐம்பது பேர் இருந்தால் வெறிச்சோடிக் கிடக்கும், அதே ஐம்பது பேர் ரியூசன் வாங்குகளில் நெருக்கி இருந்தால் கூட்டம் களைகட்டும். வெள்ளைச் சுவரே திரை.

காசை விடப் பெரிய தலையிடி நிகழ்ச்சி நிரல். கேட்ட எல்லாரும் ஒரே கேள்விதான்: "தம்பி, பிரதம விருந்தினர் ஆர்?" ஒருவரும் இல்லை என்றால் நம்பவில்லை. அனுசரணை தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனம் மங்கள விளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, தங்கள் முகாமையாளரின் அரைமணிநேர உரை எல்லாம் எதிர்பார்த்தது. அரைமணி என்றால் ஆறு டெமோ. நன்றி சொல்லி விலகிவிட்டோம். கொட்டகை வாடகையை ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டோம், வடைக்கும் பிளேன்ரீக்கும் வெளிநாட்டில் இருக்கும் ஒரு பழைய மாணவர் அனுப்பினார். விளக்கு மட்டும் வைத்தோம். கொட்டகைக்காரரின் அம்மா வந்து கொளுத்திவிட்டு முன்வாங்கில் இருந்துகொண்டார். அதோடு சரி.

முறையை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. நியூயோர்க்கில் 2004 இல் தொடங்கிய டெக் மீட்டப் கூட்டங்களில் ஐந்து நிமிடம், ஸ்லைட் இல்லை, வேலை செய்வதைக் காட்டு என்பதுதான் விதி. அதையே எடுத்தோம். இங்கே யாழ் ஐடி ஹப் என்ற அமைப்பின் யாழ் கீக் சலஞ்ச் போன்ற போட்டிகள் பல வருடமாக நடக்கின்றன, பிள்ளைகளுக்கு மேடை புதிதில்லை. ஆனால் போட்டி என்றால் நடுவர், பரிசு, அதற்கேற்ற ஸ்லைட். பாதியில் நிற்கும் வேலையை நாலு பேருக்கு முன்னால் காட்டிப் பழக்கமில்லை. "இன்னும் முடியேல்லை அண்ணை, முடிச்சிட்டுக் காட்டுறன்" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வட்சப்பில் கேட்டால் இதுதான் வரும். நேரில் போய், அவர்களின் லப்டொப்பிலேயே பார்த்து, "இந்தத் துண்டை மட்டும் காட்டு" என்று சொன்னால்தான் ஆள் இறங்கும். ஆட்களைச் சேர்த்தது முழுக்க இப்படித்தான்.

முதல் நாள் பின்னேரம் எல்லாரையும் கூப்பிட்டுச் சுவரில் ஒருமுறை போட்டுப் பார்த்தோம். கறுப்புப் பின்னணியில் கோட் எழுதுகிறவர்களின் திரை பகல் வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியவில்லை, எல்லாரையும் வெள்ளைக்கு மாற்றி எழுத்தைப் பெருப்பிக்கச் சொன்னோம். சில புது லப்டொப்களில் புரொஜெக்டர் வயர் பூட்டும் எச்டிஎம்ஐ துளையே இல்லை, டைப்-சி அடப்டர் இரவல் வாங்கினோம். அன்ட்ரொயிட் போன் ஆப் காட்டுகிறவர்களுக்கு யூஎஸ்பி வயரால் திரையை லப்டொப்புக்குக் கொண்டுவரும் எஸ்சிஆர்சிபிவை (scrcpy) என்ற இலவச மென்பொருள் போதும், வைஃபையை நம்பத் தேவையில்லை. இரண்டு வெவ்வேறு கம்பனி சிம்களில் ஹொட்ஸ்பொட், புரொஜெக்டருக்கு ஒரு யூபிஎஸ். அப்புறம் பிளக்: வட்டப் பின், சதுரப் பின் இரண்டும் ஏறும் எக்ஸ்ரென்சன் போர்ட் இல்லாமல் இங்கே எந்தக் கூட்டமும் நடத்தாதீர்கள்.

அன்று எல்லாரும் எழும்பி நின்று பார்த்தது ஒரு கிணற்றுத் தண்ணீர்க் கருவியை. யாழ்ப்பாணத்தில் கிணறு உவராவது வீட்டுக்கு வீடு தெரிந்த சங்கதி. சுண்ணாம்புக் கல்லுக்குள் நன்னீர் மிதக்கிறது, அளவுக்கு மேல் இறைத்தால் கீழிருக்கும் உப்பு நீர் ஏறும். இரண்டு மாணவிகள் ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் போர்ட்டில், தண்ணீரில் உப்புக் கூடக் கூட ஏறும் மின்கடத்துதிறனை அளக்கும் கம்பியைப் பூட்டியிருந்தார்கள். ஒரு கிளாஸில் கொட்டகைக் கிணற்றுத் தண்ணீர். கம்பியை விட்டார்கள், சுவரில் ஒரு எண் வந்தது. ஒருத்தி ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கரண்டியால் கலக்கினாள். எண் ஏறு ஏறென்று ஏறியது. அவ்வளவுதான் டெமோ, ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

கேள்வி நேரத்தில் "இதை எவ்வளவுக்கு விற்பீங்கள்?" என்று ஒருவர் தொடங்க, வியாபாரக் கேள்வி இன்றைக்கு இல்லை என்று நிறுத்தினோம். பின்வாங்கிலிருந்து தோட்டக்கார ஐயா ஒருவர் எழும்பினார்: "பிள்ளை, வெயிலுக்குத் தண்ணி சுட்டாலும் நம்பர் ஏறுமோ?" ஏறும். வெப்பநிலைக்கு ஏற்பத் திருத்தாவிட்டால் கணக்குப் பிழைக்கும். அவர்கள் இன்னும் அதைச் செய்யவில்லை. மறைக்காமல் "ஓம் ஐயா, அது இன்னும் போடேல்லை" என்றார்கள். முடித்துவிட்டுத்தான் காட்டுவோம் என்று வீட்டில் இருந்திருந்தால் அந்தக் கேள்வி அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

மற்ற டெமோக்களில் ஒன்று இடையில் தொங்கி நின்றது, ரீஸ்டார்ட் பண்ணும் நேரமும் காட்டியவரின் ஐந்து நிமிடத்துக்குள்தான். நேரத்துக்கு ரியூசன் மணியையே அடித்தோம். அந்த மணிக்கு ஒருவரும் எதிர்த்துக் கதைப்பதில்லை, பழக்கதோஷம்.

ஐந்தரைக்குக் கிளிநொச்சிப் பிள்ளைகளைப் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டோம். மிச்சப் பேர் வாங்குகளை அடுக்கிக்கொண்டே வெகுநேரம் கதைத்தார்கள். தோட்டக்கார ஐயா தன் கிணற்றில் கருவியை வைத்துப் பார்க்கச் சொல்லிப் போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்ததை அறிவியல்நகரில் வைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். பரீட்சை அட்டவணை கைக்கு வந்ததும் நாள் குறிப்போம்.