ராஸ் மீன் எங்கே தூங்கும்? 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் 14 வாரம்

பவளப்பாறைகளில் வாழும் வண்ணமயமான கடல்மீன் இனம் ராஸ் (wrasse). அதை வாங்குகிற எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறோம். ஆனால் அந்த மீன் இரவில் எங்கே படுக்கும் என்று தெரிந்துகொண்டு வாங்கினால் பாதிச் சாவுகளைத் தவிர்த்துவிடலாம். எல்லோ ராஸ், மெலனூரஸ் போன்ற ஹாலிகோரஸ் வகைகளும் லெப்பர்ட் ராஸும் மணலுக்குள் புதைந்து தூங்கும். ஃபேரி, ஃபிளாஷர், சிக்ஸ்லைன் ஆகியவை பாறை இடுக்கில் ஒதுங்கி, உடலைச் சுற்றிக் கோழையால் ஒரு கூடு கட்டிக்கொள்ளும். மணலின் ஆழம், தனிமைத் தொட்டி (புது மீனை நோய்க்காகத் தனியே வைத்துப் பார்க்கும் தொட்டி), மூடி, விளக்கு அணைக்கும் விதம் எல்லாவற்றையும் இந்த வேறுபாடுதான் முடிவு செய்கிறது.

தொட்டி 120×50×50 செ.மீ., எட்டு மாதம் ஓடியது. உப்படர்த்தி (உப்பின் அளவைக் காட்டும் நீரின் ஒப்படர்த்தி) 1.025, வெப்பம் 25.5 டிகிரி, நைட்ரேட் 10 பிபிஎம் அளவில். சேர்க்கத் திட்டமிட்டவை: ஆர்னேட் லெப்பர்ட் பெண் 1, சோலோரென்சிஸ் ஃபேரி ராஸில் ஆண் 1, பெண் 2, எல்லோ ராஸ் 1.

முதல் மூன்று வாரமும் மணல் வேலைதான். ஏற்கெனவே 2 செ.மீ. மணல்தான் இருந்தது. 12 செ.மீ. வளரும் எல்லோ ராஸுக்கு 5 செ.மீ.யாவது வேண்டும். 0.5 முதல் 1 மி.மீ. பருமனுள்ள அரகோனைட் மணல் (சுண்ணாம்புச் சத்துள்ள கடல் மணல்) 28 கிலோ வாங்கி, கலங்கல் போகும்வரை அலசி, மூன்று தவணையாக வாரத்துக்கு ஒருமுறை இரண்டு அங்குல பிவிசி குழாய் வழியே அடியில் இறக்கினோம். ஒரே நாளில் கொட்டினால் பழைய மணலில் வாழும் நுண்ணுயிர்கள் மூச்சுமுட்டிச் செத்து அம்மோனியா ஏறும். எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம். உடைத்த கல்லின் கூர்முனை செதிலைக் கீறிவிடும், கீறிய இடத்தில் புண் வைக்கும். உடைத்த பவளக்கல் ஜல்லியாலும் இதே கேடுதான். பாறைகள் மணல்மேல் நிற்காமல் அடிக்கண்ணாடியில் நேராக நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். ராஸ் அடியில் தோண்டினால் பாறை சரியும்.

மூடியில் கஞ்சத்தனம் கூடாது. ராஸ் எல்லாமே குதிக்கும். விளக்கு சட்டென்று அணையும்போதும், ஆண் மீன் துரத்தும்போதும்தான் அதிகம் குதிக்கும். ஜன்னல் கொசுவலைக்கான அலுமினியச் சட்டத்தைத் தொட்டி அளவுக்கு வெட்டச் சொல்லி, அதில் 6 மி.மீ. கண்ணுள்ள நிறமற்ற நைலான் வலையை ரப்பர் பீடிங் வைத்து இறுக்கினோம். உலோக வலை உப்பில் அரித்துத் தண்ணீரில் இறங்கும். முழுக் கண்ணாடி மூடி போட்டால் சூடு வெளியேறாது, காற்றும் சரியாகக் கலக்காது.

சென்னை வெயிலில் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் இந்த மீன்களை வைப்பது சரியல்ல. மின்விசிறி வைத்து நீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது வறண்ட ஊரில் நன்றாக நடக்கும். கடலோர ஈரக்காற்றில் இரண்டு டிகிரி இறங்கினாலே பெரிது. நீர் சூடாக ஆக ஆக்சிஜன் குறையும், நாள் முழுக்க நீந்தும் ஃபேரி ராஸ் முதலில் திணறும். கால் எச்.பி. சில்லரோடு, மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் வைத்திருக்கிறோம்.

நான்காம் வாரம் லெப்பர்ட் வந்தது. கடையில் இதன் வாயைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மணல் இல்லாத பையிலும் வெற்றுத் தொட்டியிலும் புதையப் பார்த்துக் கண்ணாடியில் முட்டித் தாடை வீங்கியிருக்கும். அப்படிப்பட்ட மீன் தேறுவது அபூர்வம். முதலில் காட்டிய இரண்டும் அந்த வீக்கத்தோடு இருந்ததால் விட்டுவிட்டோம். மூன்றாவது மீன், கடைக்காரர் போட்ட ஆர்ட்டீமியாவை (மீன் தீவனமாகும் சிறு உப்புநீர் இறால்) நம் கண்ணெதிரே கொத்தித் தின்றது.

பைத் தண்ணீரின் உப்படர்த்தி 1.021 இருந்தது. தனிமைத் தொட்டியையும் 1.021க்குக் கொண்டுவந்து, 20 நிமிடம் பையை மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும் மீனை உடனே மாற்றினோம். பையைத் திறந்துவிட்டுச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் நீர் விடுவது ஆபத்து: கார்பன் டைஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும், பையில் சேர்ந்த அம்மோனியா அப்போதுதான் நஞ்சாகும். உப்பைப் பிறகு நாளுக்கு 0.001 வீதம் ஏற்றினால் போதும்.

50 லிட்டர் தனிமைத் தொட்டியில் மீன் ஒளிந்துகொள்ள பிவிசி முழங்கைகள் (எல்போ), அதோடு 6 செ.மீ. மணல் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று. லெப்பர்டுக்குத் தாமிர மருந்து கொடுக்கவில்லை. இது தாங்காத மீன். மேலும் அரகோனைட் மணல் தாமிரத்தை உறிஞ்சிவிடுவதால் அளவும் நிற்காது. தாமிரம் கொடுத்தே ஆகவேண்டிய மீனுக்கு டப்பாவில் சிலிக்கா வடிகட்டி மணல் போட வேண்டும். வெள்ளைப்புள்ளி நோய்க்காக 72 மணி நேரத்துக்கு ஒருமுறை வேறு தொட்டிக்கு மாற்றும் முறையைப் பின்பற்றினோம், மொத்தம் நான்கு மாற்றம். மீனிலிருந்து உதிர்ந்த ஒட்டுண்ணி குஞ்சுவிடும் முன்பே மீன் இடம் மாறிவிடும். இதில் பலர் தவறுவது மணல் டப்பாவில்: மீனோடு பழைய மணலையும் எடுத்துப்போனால் நோயும் கூடவே போகும். ஒவ்வொரு முறையும் புது மணல், அல்லது நன்கு காய்ந்த மணல். வெல்வெட் நோய்க்கு (இன்னொரு ஒட்டுண்ணி நோய்) இந்த முறை போதாது. பிறகு செவுள் புழுவுக்குப் பிராசிகுவாண்டெல், லிட்டருக்கு 2.5 மி.கி., ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை. அந்த நாட்களில் பசி குறையும். காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டும்.

எட்டாம் வாரம் பெரிய தொட்டியில் விட்டதும் லெப்பர்ட் மணலுக்குள் போனது, ஆறு நாள் வெளியே வரவில்லை. இந்த ஆறு நாளும் கை வைக்காமல் இருப்பதுதான் கடினம். தோண்டித் தேடினால் பயந்து இன்னும் ஆழம் போகும், உடலும் காயப்படும். ஏழாம் நாள் காலை பாறையில் கோப்பிபாட் எனும் நுண்ணிய ஓட்டுயிர்களைக் கொத்திக்கொண்டிருந்தது. எட்டு மாதப் பழைய தொட்டி என்பது இங்கேதான் உதவுகிறது. புதுத் தொட்டியில் லெப்பர்ட் பட்டினியால் மெலிந்து போகும்.

ஃபேரி மூன்றும் ஒன்பதாம் வாரம் தனிமையிலிருந்து வந்தன. தலைகீழாக, வால் மேலே தூக்கி நீந்துகிற ஃபேரியை வாங்காதீர்கள். ஆழத்திலிருந்து வேகமாக மேலே கொண்டுவந்ததில் காற்றுப்பை கெட்டிருக்கும். மாலத்தீவில் 40 முதல் 70 மீட்டர் ஆழத்தில் வாழும் ஃபினிஃபென்மா ஃபேரி ராஸ் போன்ற ஆழ்கடல் வகைகளில் இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம். 2022இல்தான் அதைத் தனி இனமாக விவரித்தார்கள். பெண்களை முதலில் விட்டு, ஆணைத் துளையிட்ட அக்ரிலிக் பெட்டியில் ஐந்து நாள் தொட்டிக்குள்ளேயே வைத்துப் பிறகு திறந்தோம். ராஸில் பெரிய பெண் ஆணாக மாறும். அதனால் ஆணைவிடச் சிறிய பெண்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். பெண் இல்லாத தொட்டியில் ஆணின் நிறம் மாதக்கணக்கில் மங்கிக்கொண்டே போகும். காலையில் பாறையருகே மிதக்கும் மெல்லிய சவ்வுத் துணுக்கு கழற்றிவிட்ட கோழைக்கூடு, நோய் அல்ல.

பத்தாம் வாரம் ஒரு பெண் ஃபேரி செத்தது. நீர் திரும்பும் குழாய்க்காக வலையில் வெட்டிய இடத்தில் ஒரு விரல் அகல இடைவெளி இருந்தது. அதன் வழியாகவே வெளியே விழுந்திருந்தது. அன்று இரவு மின்வெட்டு, விளக்கு ஒரே நொடியில் அணைந்தது. இப்போது அந்த இடத்தைக் கத்தரித்த ஸ்பாஞ்சால் அடைத்திருக்கிறோம், யுபிஎஸ்ஸில் ஒரு சிறிய நீல விளக்கும் உண்டு. சாதாரண நாளில் விளக்கு 45 நிமிடத்தில் படிப்படியாக மங்குகிறது.

எல்லோ ராஸ் பன்னிரண்டாம் வாரம், கடைசியாக வந்தது. முரட்டு மீன் எப்போதும் கடைசி. சிக்ஸ்லைனை இந்தக் கூட்டத்தில் சேர்க்கவே மாட்டோம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் லூனார் ராஸ் குட்டி 25 செ.மீ. வளர்ந்து இறால், நண்டு எல்லாவற்றையும் தின்றுவிடும். ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டையோடு அழகாயிருக்கும் ஃபார்மோசா குட்டி 60 செ.மீ. வரை வளர்ந்து பாறையையே புரட்டும். கிளீனர் ராஸ் வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் பட்டினி கிடந்தே சாகிறது.

தீவனம் நாளுக்கு மூன்று வேளை, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு: உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்) இரண்டு வேளை, ஊட்டமேற்றிய ஆர்ட்டீமியா ஒரு வேளை. உருகிய நீரை வடித்துக் கொட்டிவிட்டுப் போட்டால் பாஸ்பேட் அவ்வளவாக ஏறாது.

பதினான்காம் வாரம்: எல்லோ ராஸ் தினமும் விளக்கு மங்கத் தொடங்கும் முன்பே இடது மூலையில் புதைகிறது. அதே மூலையில் அலை மோட்டார் மணலை வாரி 3 செ.மீ. ஆக்கியிருந்தது. மோட்டாரை 10 செ.மீ. மேலே ஏற்றி, கண்ணாடிப் பக்கம் திருப்பி, இரண்டு கிலோ மணலைக் குழாய் வழியே நிரப்பியிருக்கிறோம். அடுத்த அளவீடு இரண்டு வாரம் கழித்து.