கருப்புப் பூஞ்சை கருப்பே இல்லை

2021 மே மாதம். மாமாவுக்குக் கோவிட் வந்து பத்து நாள், வீட்டிலேயே ஸ்டீராய்டு மாத்திரை, காய்ச்சலும் விட்டுவிட்டது. பத்து வருஷமாகச் சர்க்கரை உள்ளவர், ஆனால் அந்தப் பத்து நாளில் அதைப் பார்க்கணும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பதினோராம் நாள் காலையில் இடது கன்னம் மரத்த மாதிரி இருக்கு, மேல்பல் ஆடுது என்றார். டார்ச் அடித்துப் பார்த்தால் மேலண்ணத்தில் எட்டணா அளவுக்குக் கருப்புத் திட்டு. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 430, சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் சேரும் பொருள்). கருப்புப் பூஞ்சை நோய் என்றார்கள்.

அந்தக் கருப்பு நிறம் பூஞ்சையுடையதே இல்லை. பூஞ்சை ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடுவதால் ரத்தம் போகாமல் செத்த சதை அப்படிக் கறுக்கிறது. (வெங்காயத் தோலில் படியும் கருப்புதான் காரணம் என்று அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றியதே, அது வேறு பூஞ்சை.)

இதில் பெரும்பாலும் சிக்குவது ரைசோபஸ், பழைய ரொட்டியில் பூக்குமே அந்த வகை. அதன் வித்துகளை எல்லாருமே மூச்சோடு இழுக்கிறோம், நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் பார்த்துக்கொள்கின்றன. சர்க்கரை ஏறிக் கிடந்தால் அவை மந்தமாகிவிடும். வரவேண்டிய இடத்துக்கு ஒழுங்காக வராது, வந்து விழுங்கினாலும் கொல்கிற தெம்பு குறைவு. ஸ்டீராய்டு அவற்றை இன்னும் அடக்கும், சர்க்கரையையும் ஏற்றிவிடும்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது இரும்புக் கதைதான். இந்தப் பூஞ்சைக்கு இரும்பு இல்லாமல் வளர்ச்சி இல்லை, உடம்போ அதை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தில் பூட்டி வைத்திருக்கிறது. இன்சுலின் போதாமல் கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமாகும்போது அந்தப் பிடி தளர்ந்து இரும்பு வெளியே வருகிறது. போதாததற்கு, ரத்தக்குழாயின் உட்சுவரில் ஜிஆர்பி78 என்ற புரதமும் கூடிவிடும், பூஞ்சை அதைப் பிடித்துக்கொண்டுதான் செல்லுக்குள் நுழைகிறது. கதவையும் திறந்துவிட்டுப் பந்தியும் போட்டாச்சு. ஒரு காலத்தில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அதிகப்படி இரும்பை எடுக்கக் கொடுத்த டெஃபராக்சமின் மருந்தைக்கூட இது தனக்கு இரும்பு சுமக்கும் வண்டியாக்கிக்கொண்டதாம், என்ன ஜென்மமோ!

பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின் ஊசிக்கு ஊர் ஊராக அலைந்த கதை இன்னொரு நாள். மாமாவுக்கு இடது மேல்தாடையை எடுத்துவிட்டார்கள், அந்த ஓட்டையை அடைக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு போட்டுக்கொள்கிறார். ராத்திரி அதைக் கழற்றிவிட்டால் பேச்செல்லாம் மூக்கு வழியாகத்தான் வரும். நேற்று ராத்திரியும் அப்படியே போன் செய்து, அவசரமாக, "சாப்பாட்டுக்கு முன்னாடி 138டா" என்றார்.