எக்ஸ்ட்4-ஐச் சுருக்கும்போது வரும் எரர்கள்: எது ஏன் வருகிறது

லினக்ஸில் எக்ஸ்ட்4 பைல்சிஸ்டத்தை (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் அமைப்பு) சுருக்க இரண்டே வேலைதான். முதலில் ரீசைஸ்2எஃப்எஸ் (resize2fs) என்ற கட்டளையைக் கொண்டு பைல்சிஸ்டத்தைக் குறைக்க வேண்டும், அதன் பிறகே அது இருக்கும் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கின் பகுதியை, குறைக்க வேண்டும். பெரிதாக்கும்போது இதே வரிசை தலைகீழாகும். நடுவில் வரும் எரர்களைப் பார்த்து டிஸ்க்கே போய்விட்டது என்று பயப்படுபவர்கள் அதிகம். பெரும்பாலும் அப்படி இல்லை. எங்கோ இரண்டு கணக்குகள் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். எந்த இரண்டு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் பேக்கப் இல்லாமல் இதில் கை வைக்கவே கூடாது.

‘ஆன்லைன் ஷ்ரிங்கிங் நாட் சப்போர்ட்டட்’ என்று வந்தால் பைல்சிஸ்டம் இன்னும் மவுண்ட் ஆகி, அதாவது சிஸ்டத்தோடு இணைக்கப்பட்டுப் பயன்பாட்டில், இருக்கிறது. எக்ஸ்ட்4-ஐ ஓடும்போதே பெரிதாக்கலாம், சுருக்க முடியாது. லினக்ஸே இருக்கும் ரூட் பார்ட்டிஷன் என்றால் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்துதான் ஆக வேண்டும்.

அடுத்தது பலரையும் சுற்றலில் விடும் எரர்: ‘முதலில் ஈ2எஃப்எஸ்சிகே -எஃப் ஓட்டவும்’. பைல்சிஸ்டத்தைச் சோதிக்கும் கட்டளையான ஈ2எஃப்எஸ்சிகே-வை (e2fsck) வெறுமனே ஓட்டினால் ‘க்ளீன்’ என்று ஒரே நொடியில் முடிந்துவிடும். திரும்ப ரீசைஸ் செய்தால் அதே எரர். இங்கே -எஃப் என்ற ஸ்விட்ச்தான் விஷயம். பைல்சிஸ்டம் தன்னைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் சூப்பர்பிளாக்கில் கடைசியாக மவுண்ட் ஆன நேரமும் கடைசியாகச் சோதித்த நேரமும் பதிவாகியிருக்கும். சோதித்த நேரம் மவுண்ட் நேரத்துக்கு முந்தையதாக இருந்தால் ரீசைஸ்2எஃப்எஸ் நகராது. -எஃப் இல்லாமல் ஓட்டினால், க்ளீன் என்று குறிக்கப்பட்ட பைல்சிஸ்டம் முழுமையாகச் சோதிக்கப்படாது, அந்த நேரமும் மாறாது. டியூன்2எஃப்எஸ் -எல் (tune2fs -l) கொடுத்தால் இரண்டு நேரங்களையும் பார்க்கலாம். சோதித்த பிறகு லைவ் யுஎஸ்பியின் ஃபைல் மேனேஜரில் அந்த டிரைவை ஒருமுறை கிளிக் செய்தாலே மவுண்ட் நேரம் முந்திக்கொள்ளும், மறுபடியும் முதலிலிருந்து. ஆகவே சோதனைக்கும் ரீசைஸுக்கும் நடுவில் டிரைவைத் தொடாதீர்கள். சிஸ்டம் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பொறுமை இழந்து ரீசைஸ்2எஃப்எஸ்-க்கே -எஃப் கொடுப்பது தவறு. அங்கே அந்த ஸ்விட்ச் பாதுகாப்புச் சோதனைகளைத் தாண்டிப் போகச் சொல்வது.

‘நியூ சைஸ் ஸ்மாலர் தேன் மினிமம்’ என்பதோடு அடைப்புக்குறிக்குள் ஒரு பெரிய எண் வரும், உதாரணமாக 11010048. இது பைட்டும் இல்லை, கேபியும் இல்லை, பிளாக், அதாவது பைல்சிஸ்டம் இடத்தைக் கணக்கிடும் அலகு. வழக்கமான 4 கேபி பிளாக்கில் 262144 பிளாக்குகள் ஒரு ஜிபி. வகுத்தால் 42 ஜிபி. நீங்கள் 40ஜி கேட்டதால் மறுத்திருக்கிறது. ஜி போடாமல் வெறும் 40 என்று கொடுத்தாலும் இதே எரர் வரும், ஏனென்றால் அது 40 பிளாக் என்று பொருள்.

இட அளவைக் காட்டும் டிஎஃப் (df) கட்டளையில் பயன்பட்ட இடம் 15 ஜிபி, மினிமம் மட்டும் 46 ஜிபியா என்று திகைக்கும் நிலையும் உண்டு. டிஎஃப் -ஐ (df -i) போட்டு ஐநோட் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோட் (அதன் விவரப் பதிவு) வேண்டும். இயல்பான எக்ஸ்ட்4-இல் இடம் குரூப்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: 128 எம்பிக்கு ஒரு குரூப், குரூப்புக்கு 8192 ஐநோட். இந்த விகிதம் ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடும். 30 லட்சம் சின்னச் சின்ன ஃபைல்கள் இருந்தால் 367 குரூப் வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 46 ஜிபி. ஃபைல்களின் எண்ணிக்கையைக் குறைக்காமல் இதற்கு வழியில்லை. பழைய கேஷ், மெயில் ஃபோல்டர்கள்தான் பெரும்பாலும் காரணம்.

உண்மையிலேயே ஆபத்தான எரர் ஒன்று உண்டு. சூப்பர்பிளாக்கின்படி பைல்சிஸ்டம் 10485760 பிளாக், ஆனால் டிவைஸில் ஏறக்குறைய 97.6 லட்சம் பிளாக்குகளே இருக்கின்றன, ‘அபார்ட்?’ (நிறுத்தவா?) என்று ஈ2எஃப்எஸ்சிகே கேட்கும். பார்ட்டிஷன் பைல்சிஸ்டத்தைவிடச் சிறியதாகிவிட்டது. ரீசைஸ்2எஃப்எஸ்-இன் 40ஜி 1024 கணக்கு. பார்ட்டிஷனை மாற்றும் கருவியான பார்ட்டட்டின் (parted) 40ஜிபி 1000 கணக்கு. வித்தியாசம் 2.7 ஜிபிக்கு மேல். பார்ட்டட்டில் 1024 கணக்கு அலகுகளான ஜிஐபி (GiB), எம்ஐபி (MiB) என்றே எழுதுங்கள். அதோடு பார்ட்டட்டின் ரீசைஸ்பார்ட் (resizepart) கட்டளை கேட்பது அளவை அல்ல, முடியும் இடத்தை. 513 எம்ஐபியில் தொடங்கும் பார்ட்டிஷனுக்கு 40 ஜிஐபி வேண்டுமென்றால் 41473 எம்ஐபி என்று கொடுக்க வேண்டும்.

அந்த ‘அபார்ட்?’ கேள்விக்கு ஒய் (y) அழுத்துங்கள். ஒய் என்றால் நிறுத்து. ‘என்’ (n) அழுத்தினால் வெட்டுப்பட்ட டிவைஸின் மேலேயே பழுதுபார்க்கத் தொடங்கிவிடும், நல்ல ஃபைல்களும் போகலாம். பிறகு தொடக்கத்தை மாற்றாமல், பார்ட்டிஷனின் முடிவை மட்டும் பழைய இடத்துக்கே கொண்டு போங்கள். காலியான இடத்தில் வேறு எதுவும் எழுதாதவரை டேட்டா அப்படியே இருக்கும். எஃப்டிஸ்க் (fdisk) என்ற கருவியில் பார்ட்டிஷனை அழித்து மறுபடி உருவாக்கினால், எக்ஸ்ட்4 சிக்னேச்சரை (அடையாளக் குறியை) நீக்கவா என்ற கேள்விக்கு நோ என்றே சொல்லுங்கள்.

இந்தத் தொல்லையே வராமல் இருக்க ஒரு வழி, இலக்கைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சுருக்குவது. 40 ஜிஐபி வேண்டுமா? ஈ2எஃப்எஸ்சிகே -எஃப் முடித்து, பைல்சிஸ்டத்தை 38ஜி ஆக்குங்கள். பார்ட்டிஷனை 40 ஜிஐபிக்குக் குறையுங்கள். கடைசியாக அளவு எதுவும் கொடுக்காமல் ரீசைஸ்2எஃப்எஸ் ஓட்டினால் பார்ட்டிஷன் முழுவதையும் அதுவே நிரப்பிக்கொள்ளும். சுருக்கும்போது -பி சேர்த்தால் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும். ஹார்ட் டிஸ்க்கில் மணிக்கணக்கில் ஆகலாம். நடுவில் கண்ட்ரோல்-சி அழுத்தக் கூடாது, லேப்டாப் என்றால் சார்ஜரில் இருக்க வேண்டும்.

‘பேட் மேஜிக் நம்பர்’ வந்தால், எந்த பார்ட்டிஷனில் எந்த பைல்சிஸ்டம் என்று காட்டும் எல்எஸ்பிஎல்கே -எஃப் (lsblk -f) பாருங்கள். எஸ்டிஏ2 (sda2) என்ற பார்ட்டிஷனுக்குப் பதில் எஸ்டிஏ (sda) என்று முழு டிஸ்க்கையே கொடுத்திருக்கலாம், அல்லது உள்ளே இருப்பது எக்ஸ்ட்4 ஆகவே இருக்காது. எக்ஸ்எஃப்எஸ் (XFS) என்ற வேறு வகைப் பைல்சிஸ்டம் என்றால் இந்த மாதிரி சுருக்க முடியாது. டேட்டாவை வெளியே எடுத்துவிட்டுச் சிறிய அளவில் புதிதாக ஃபார்மேட் செய்து திரும்பப் போட வேண்டியதுதான்.